சேரும் இடமும் செல்லும் இடமும்

ஆண்டுதோறும் ஜூன், ஜூலை மாதங்கள் நம் நாட்டில் பல இல்லங்களில் அமைதியற்ற மாதங்களாகவே கழிகின்றன. பன்னிரண்டாம் வகுப்பை முடித்த மகனோ மகளோ எந்தக் கல்லூரியில் சேர்வது என்று வீடே கூடி விவாதிக்கிறது. விரும்பிய கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டால் விவாதம் முடிந்துவிடும். கிடைக்காதபோதுதான் அண்மைக் காலத்தில் மிகுதியாகக் கேட்கப்படும் ஒரு கேள்வி எழுகிறது: "இப்போதைக்கு இந்தக் கல்லூரியில் சேர்ந்துகொண்டு, ஓராண்டு கழித்து அந்தக் கல்லூரிக்கு மாறிவிடலாமா?"

ஆசிரமத்திற்கு வரும் இளைஞர்களும் பெற்றோரும் இதைக் கேட்கும்போது பெரும்பாலும் நடைமுறை ஆலோசனையையே எதிர்பார்க்கின்றனர். எந்தக் கல்லூரி சிறந்தது, எங்கே படித்தால் வேலை கிடைக்கும் என்பவற்றிற்கு ஒரு துறவியிடம் விடை இராது. ஆனால் அக்கேள்விக்குள் அறம் பற்றிய வேறொரு கேள்வி மறைந்திருக்கிறது. விட்டுச் செல்லும் எண்ணத்துடன் ஓரிடத்தில் சேர்வது நேர்மையாகுமா? அப்படிச் சேர்ந்தவன் அங்கே எவ்வாறு இருக்க வேண்டும்? கல்லூரியில் மட்டுமன்றி, பணியில், ஊரில், உறவுகளில், சாதனையில்கூட நாம் சந்திக்க நேரும் கேள்வி இது. ஆகவே அதைச் சற்று நிதானமாக ஆராய்வது பயனுடையது.

இக்கேள்விக்கு இரண்டு அவசர விடைகள் உண்டு. "இதில் என்ன தவறு? கட்டணம் கட்டுகிறோம், விரும்பும்வரை இருக்கிறோம், விரும்பாதபோது செல்கிறோம்" என்பது ஒன்று. "ஓரிடத்தில் காலூன்றி நிற்கத் தெரியாதவன் எங்கே போனாலும் நிலைக்க மாட்டான்" என்பது மற்றொன்று. முதல் விடை கல்வியைக் கடைச்சரக்காகக் காண்கிறது. இரண்டாவது விடை, மாறுவதெல்லாம் சபலம் என்று முடிவு கட்டிவிடுகிறது. இரண்டும் கேள்வியை முழுமையாகக் கேட்காமல் சொல்லப்பட்ட விடைகளே.

மிதப்பதும் உறைவதும்

2015-ஆம் ஆண்டு முதல் ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போன்ற மத்தியத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்களின் இடங்கள், 'ஜோசா' என்று சுருக்கமாக வழங்கப்படும் கூட்டு இட ஒதுக்கீட்டு ஆணையத்தின் வாயிலாக நிரப்பப்பட்டு வருகின்றன. கலந்தாய்வின் ஒரு சுற்றில் இடம் பெற்ற மாணவன் அதை ஏற்கும்போது மூன்று சொற்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: 'ஃப்ரீஸ்', 'ஃப்ளோட்', 'ஸ்லைட்'. மொழிபெயர்ப்பைப் பணியாகக் கொண்ட எனக்கு இச்சொற்கள் சுவையாகத் தோன்றுகின்றன. உறைதல், மிதத்தல், நழுவுதல் என்று அவற்றைத் தமிழாக்கலாம். உறைபவன், "எனக்கு இதுவே போதும்" என்கிறான். மிதப்பவன், "இதை ஏற்கிறேன், ஆனால் என் விருப்பப் பட்டியலில் இதற்கு மேலுள்ள இடம் வேறு எந்த நிறுவனத்தில் கிடைத்தாலும் அங்கே செல்வேன்" என்கிறான். நழுவுபவன், "இதே நிறுவனத்தில் மேலான பாடப்பிரிவு கிடைத்தால் மட்டும் மாறுவேன்" என்கிறான்.

டெல்லிப் பல்கலைக்கழகத்திலும் இத்தகைய வழி உண்டு. அங்கே 2021 வரை கல்லூரிகள் 'கட்-ஆஃப்' மதிப்பெண் பட்டியல்களை வெளியிட்டன. அவ்வாண்டில் சில கல்லூரிகளில் சில பாடங்களுக்குக் கேட்கப்பட்ட மதிப்பெண் 100 விழுக்காடு! ஒவ்வொரு பட்டியல் வெளிவந்ததும் மாணவர்கள் ஒரு கல்லூரியில் சேர்க்கையை ரத்து செய்து மற்றொன்றிற்கு ஓடினர். 2022-இல் பொது நுழைவுத் தேர்வு நடைமுறைக்கு வந்தபின், கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டே மேலான விருப்பத்திற்குக் காத்திருக்கும் வழி அங்கும் அமைந்தது.

இந்த ஏற்பாட்டில் ஒரு நேர்மை இருப்பதைக் கவனிக்க வேண்டும். மிதப்பவன் தன் எண்ணத்தை மறைக்கவில்லை. அதைச் சொல்லிவிட்டே இடத்தை ஏற்கிறான். மேலான இடம் கிடைத்ததும் பழைய இடம் அவன் கையைவிட்டுப் போய்விடுகிறது. அது அடுத்த சுற்றில் வேறொரு மாணவனைச் சென்றடைகிறது. இரண்டு இடங்களையும் ஒருவனே பிடித்துவைத்திருக்க இயலாது. ஆகவே கலந்தாய்வு நடந்துகொண்டிருக்கும்போது காத்திருப்பதிலும் மாறுவதிலும் அறப்பிழை ஏதுமில்லை.

சிக்கல் அதன் பிறகே தொடங்குகிறது. கலந்தாய்வு முடிந்து வகுப்புகள் தொடங்கிய பின்னும் மனத்தளவில் மிதந்துகொண்டே இருப்பவர்கள் உண்டு. கல்லூரியில் பெயரைப் பதிவு செய்துவிட்டு, விடுதி அறையில் அமர்ந்து மறு ஆண்டின் நுழைவுத் தேர்விற்குப் படிப்பவர்கள் உண்டு. இவர்கள் இடையில் விட்டுச் செல்லும் இடம் பெரும்பாலும் நிரப்பப்படாமலே வெறுமையாகக் கிடக்கும். ஏற்கெனவே ஒரு ஐ.ஐ.டி.யில் சேர்ந்துவிட்டவர் அதன் நுழைவுத் தேர்வை மீண்டும் எழுத இயலாது என்னும் விதியின் பின்னணியில் இந்தக் கவலையும் இருக்கக் காணலாம்.

முகம் தெரியாத ஒருவன்

மாணவன் தன் இருக்கையை 'என் இடம்' என்கிறான். அவன் உழைத்துப் பெற்றது அது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்த இடத்தை உருவாக்கியவன் அவன் அல்லன். ஆசிரியரின் ஊதியம், ஆய்வுக்கூடத்தின் கருவிகள், நூலகத்தின் நூல்கள் ஆகியவற்றிற்கு ஆகும் செலவில், அரசு நிறுவனங்களில் பெரும்பகுதியை ஊர்பேர் தெரியாத மக்களின் வரிப்பணமே ஏற்கிறது. பெறுவதும் திருப்பித் தருவதுமாகிய சக்கரத்தால் உலகம் இயங்குகிறது என்று கீதையின் மூன்றாம் அத்தியாயம் யக்ஞத்தை விளக்குகிறது. கல்லூரி இருக்கையும் அந்தச் சக்கரத்தின் ஓர் ஆரமே.

தரவரிசையில் நமக்கு அடுத்து நின்றவனையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அவன் முகம் நமக்குத் தெரியாது. நாம் வெறும் காப்பீடாக வைத்துக்கொண்ட அந்த இருக்கை, அவனுக்கு வாழ்நாள் கனவாக இருந்திருக்கலாம். முகம் தெரிந்தவரிடம் நாம் அன்போடும் நேர்மையோடும் நடந்துகொள்கிறோம். அதில் அறத்திற்குப் பெரிய சோதனை ஏதுமில்லை. முகம் தெரியாதவனிடம் எவ்வாறு நடந்துகொள்கிறோம் என்பதில்தான் அது இருக்கிறது. ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் கான்ட் இதற்கு ஓர் உரைகல்லைத் தந்திருக்கிறார். நாம் பின்பற்றும் நியதியை எல்லோரும் பின்பற்றும் பொது விதியாக விரும்ப நம்மால் முடியுமா என்று அவர் கேட்கச் சொல்கிறார். "விரும்பாத இடத்தை ஓராண்டு அடைத்து வைத்திருந்து பிறகு விட்டுவிடலாம்" என்பதைப் பொது விதியாக்கினால், ஒவ்வொரு வகுப்பறையும் பாதி வெறுமையாகும். அவன் ஏங்கும் அந்த மேலான கல்லூரியும் அதற்கு விலக்காக இராது.

எனினும் இங்கே எல்லை மீறிக் கண்டிப்பதும் அறமாகாது. நோய், குடும்பத்தின் வறுமை, தந்தையின் மறைவு, தட்பவெப்பம் ஒவ்வாமை, பாடம் தன் இயல்புக்குப் பொருந்தவில்லை என்ற உண்மையான அறிதல் ஆகியவற்றால் இடையில் மாறுகின்றவர்கள் உளர். அவர்கள் விட்ட இடமும் வெறுமையாகவே கிடக்கும். ஆனால் அது சமுதாயம் மனமுவந்து ஏற்க வேண்டிய இழப்பு. பாட்டி வீட்டிற்கு அருகிலுள்ள கல்லூரியில் சிக்கனமாக இளங்கலை முடித்துவிட்டு, முதுகலைக்கு வாரணாசிக்கோ டெல்லிக்கோ செல்லத் திட்டமிடும் ஏழை மாணவியைக் குறைகூற யாருக்கும் உரிமையில்லை. மரத்தை வெட்டுபவர் கணுவறிந்து வெட்டுவதுபோல, அவள் படிப்பு முடியும் இடத்தில் மாறுகிறாள். பிழை, மாறுவதில் இல்லை. வேண்டாதது என்று அறிந்தே ஒன்றைப் பற்றிக்கொள்வதிலும், வேண்டுவதுபோல் நடிப்பதிலும்தான் அது இருக்கிறது.

நடிப்பு என்று சொன்னதும் ஓர் ஐயம் எழலாம். "சேரும்போதே 'நான் மாறிச் செல்லக்கூடும்' என்று விண்ணப்பத்தில் எழுத வேண்டுமா?" வேண்டியதில்லை. மனத்தில் தோன்றும் எண்ணம் ஒவ்வொன்றையும் வெளியிடுமாறு சத்தியம் நம்மைக் கேட்பதில்லை. ஆனால் நேரடியாகக் கேட்கும்போது பொய் சொல்லாதிருக்குமாறு கேட்கிறது. "படிப்பை முடிக்கும்வரை இங்கேயே இருப்பாயா?" என்று கேட்டு, அந்த உறுதியின் பேரில் ஒரு கல்லூரியோ அறக்கட்டளையோ உதவித்தொகை வழங்குமானால், அந்த வாக்குறுதி கட்டுப்படுத்தும். மௌனத்திற்கும் பொய்க்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மாணவப் பருவத்திலேயே கற்றுக்கொள்வது நல்லது.

நிறுவனங்கள் மட்டும் நேர்மையாக நடக்கின்றனவா என்றும் கேட்கலாம். மாணவன் விலகிவிடுவானோ என்று அஞ்சி மூலச் சான்றிதழ்களைப் பூட்டி வைத்ததும், விலகியவனிடம் மீதமுள்ள ஆண்டுகளின் கட்டணத்தையும் கேட்டதும் நம் நாட்டில் நடந்தவைதாம். மூலச் சான்றிதழ்களை நிறுத்தி வைக்கக் கூடாது, குறித்த காலத்திற்குள் விலகுபவருக்குக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவிக்க வேண்டியிருந்தது. அடைத்து வைப்பது நிறுவனத்தின் பிழை. ஆனால் எதிர்த்தரப்பின் பிழை நம் கடமையை அழித்துவிடாது. அது நம்மைத் தற்காத்துக்கொள்ளும் உரிமையைத் தருமேயன்றி, ஏமாற்றும் உரிமையைத் தராது.

ஐயமும் ஒளிப்பும்

இனி, சேர்ந்தவனின் மனநிலையைக் காண்போம். விட்டுச் செல்லும் எண்ணம் இருக்கும்போது ஓரிடத்தில் முழு மனத்துடன் இருக்க முடியுமா? இங்கே நம் நியாய தரிசனம் துணைபுரிகிறது. கௌதமரின் நியாய சூத்திரம் பதினாறு பதார்த்தங்களைக் கூறுகிறது. அவற்றுள் 'சம்சயம்', அதாவது ஐயம், மூன்றாவது. நியாயம் ஐயத்தைக் குற்றமாகக் கருதவில்லை. அதை ஆராய்ச்சியின் வாயிலாகவே வைத்துள்ளது. அதற்கு அடுத்ததாக 'பிரயோஜனம்', அதாவது நோக்கம், வருகிறது. 'நிர்ணயம்', அதாவது முடிவு, ஒன்பதாவதாகத்தான் இடம் பெறுகிறது. ஐயத்திற்கும் முடிவிற்கும் இடையில் அத்தனை படிகள்!

ஐயத்திற்கு மரபில் சொல்லப்படும் உதாரணம் எளியது. மாலை மங்கலில் தொலைவில் நெடிதாக ஏதோ நிற்கிறது. மனிதனா, மரக்கட்டையா என்று தெரியவில்லை. இரண்டிற்கும் பொதுவான உயரம் மட்டுமே கண்ணில் படுகிறது. ஒன்றிற்கே உரிய சிறப்புத் தன்மை புலப்படவில்லை. நின்ற இடத்திலேயே நின்று எத்தனை நேரம் சிந்தித்தாலும் இந்த ஐயம் தீராது. அருகில் சென்று கையையோ காலையோ, கிளையையோ பொந்தையோ பார்க்க வேண்டும்.

கல்லூரியைப் பற்றிய ஐயமும் இவ்வாறே. தரவரிசை எண், கட்டடத்தின் படம், சென்ற ஆண்டு மாணவர்கள் பெற்ற ஊதியம் ஆகியவை தொலைவில் தெரியும் உயரம் போன்றவை. அங்கே எந்த ஆசிரியர் எவ்வாறு கற்பிக்கிறார், நூலகம் மாலையில் எத்தனை மணி வரை திறந்திருக்கிறது, இந்தப் பாடம் தன் அறிவைத் தூண்டுகிறதா என்பவை அருகில் சென்றால்தான் விளங்கும். ஆகவே ஐயத்துடன் ஒரு கல்லூரிக்குள் நுழைவது தவறன்று. "இது எனக்கு ஏற்றதா என்று அறிய வருகிறேன்" என்று நுழைபவன் உண்மையான ஆராய்ச்சியாளன்.

ஆனால் ஐயத்தைப்போலவே தோற்றமளிக்கும் வேறொன்று உண்டு. அதை மன ஒளிப்பு எனலாம். ஐயம் கொண்டவன் அருகில் செல்கிறான். மனத்தை ஒளிப்பவன் அருகில் இருந்தும் விலகியே நிற்கிறான். அவன் இருப்பதை நாம் எளிதில் அடையாளம் காணலாம். ஓராண்டுதானே என்று நூல் வாங்க மாட்டான். போகப்போகிறோமே என்று நண்பர்களைத் தேட மாட்டான். நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர மாட்டான். ஆசிரியரிடம் கேள்வி கேட்க மாட்டான். அவனுடைய பெட்டி கட்டியபடியே இருக்கும். ஓராண்டின் முடிவில், "இந்தக் கல்லூரியில் ஒன்றும் இல்லை" என்பான். பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு மழை பொய்த்தது என்று சொல்வதற்கு இது ஒப்பாகும். அவனுக்கு ஐயம் தீரவில்லை. ஏனெனில் அவன் அருகில் சென்று பார்க்கவே இல்லை.

நடைமுறையிலும் இந்த ஒளிப்பு அவனுக்கு எதிராகவே திரும்புகிறது. பல்கலைக்கழகங்களில் கல்லூரி மாறுவதற்குக் காலியிடமும் இரு கல்லூரிகளின் இசைவும் வேண்டும். மதிப்பெண்ணும் நடத்தையும் பார்க்கப்படும். பாடப்பிரிவு மாறுவதற்கும் முதலாண்டின் மதிப்பெண்ணே அளவுகோல். முதலாண்டு முழுவதும் இந்தப் போட்டியிலேயே மாணவர்களுக்குக் கழிந்துவிடுவதைக் கண்டு, அண்மை ஆண்டுகளில் சில ஐ.ஐ.டி.கள் பாடப்பிரிவு மாற்றத்தையே நிறுத்திவிட்டன. செல்லும் வழி சேர்ந்த இடத்தின் ஊடாகவே செல்கிறது. இங்கே நன்றாக இல்லாதவனுக்கு அங்கே செல்லும் வாயில் திறப்பதில்லை. திறந்தாலும், ஓராண்டுக் காலம் பழகிய அரைமனத்தையும் பெட்டியோடு சேர்த்தே அவன் எடுத்துச் செல்வான்.

முழு மனத்துடன் வாழ்ந்தால் பிரிய மனம் வராதே என்று சிலர் அஞ்சுகின்றனர். நம் முன்னோர் வகுத்த ஆசிரம முறை இதற்கு விடை சொல்கிறது. பிரம்மச்சரியம் விட்டுச் செல்வதற்கென்றே அமைந்தது. அதில் நுழையும்போதே அதற்கு முடிவு உண்டு என்பது ஆசிரியருக்கும் மாணவனுக்கும் தெரியும். அதனால் யாரும் அதை அரைகுறையாக வாழலாம் என்று சொல்லவில்லை. மாறாக, மற்ற மூன்று ஆசிரமங்களும் அதன் நிறைவையே அடித்தளமாகக் கொள்கின்றன. ஒன்று நிலையற்றது என்பதால் அதில் சிரத்தை குறைய வேண்டியதில்லை.

கல்கத்தாவில் இரண்டு மாணவர்கள்

நம் நாட்டின் வரலாற்றில் கல்லூரி மாறிய இருவரை இங்கே நினைவுகூர்வது பொருத்தமாகும். நரேந்திரநாத் தத்தர் 1880-இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்தார். வங்காளத்தில் அன்று முதன்மை வாய்ந்த கல்லூரி அது. அங்கே மலேரியாக் காய்ச்சல் அவரை வாட்டியது. வருகைப் பதிவு குறைந்தது. தேர்வெழுத இயலாத நிலை ஏற்பட்டது. அவரை ஏற்றுக்கொண்டது ஜெனரல் அசெம்பிளி நிறுவனம். அங்கிருந்தே அவர் 1881-இல் எஃப்.ஏ. தேர்விலும், 1884-இல் பி.ஏ. தேர்விலும் வெற்றி பெற்றார். அந்த மாற்றம் அவர் திட்டமிட்டதன்று. புகழ்மிக்க இடத்திலிருந்து அதைவிடப் புகழ் குறைந்த இடத்திற்கு நிகழ்ந்த மாற்றம் அது.

அந்தக் கல்லூரியின் முதல்வர் வில்லியம் ஹேஸ்டி ஒருநாள் வகுப்பில் ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதையை விளக்கும்போது, இயற்கையின் அழகில் ஆழ்ந்து கவிஞர் அடைந்த பரவச நிலையைப் பற்றிப் பேச நேர்ந்தது. அத்தகைய நிலையை நேரில் காண வேண்டுமானால் தக்ஷிணேசுவரத்தில் உள்ள ராமகிருஷ்ணரிடம் செல்லலாம் என்று அவர் மாணவர்களிடம் கூறினார். பிற்காலத்தில் சுவாமி விவேகானந்தராக விளங்கப் போகும் நரேந்திரர் அந்த வகுப்பில் இருந்தார். இதைக்கொண்டு, கல்லூரி மாறியிராவிட்டால் அவர் குருதேவரைச் சந்தித்தே இருக்க மாட்டார் என்று சொல்லிவிட இயலாது. அவருடைய உறவினரும் பக்தருமான ராம்சந்திர தத்தர் இருந்தார். குருவின் அருள் ஒரு வழியை மட்டுமே நம்பியிருப்பதும் அன்று. ஆயினும் ஒன்று தெளிவாகிறது. எந்தக் கல்லூரியின் தகவல் ஏட்டிலும் அச்சிடப்படாத ஒன்றை அந்த வகுப்பறை அவருக்குக் கொடுத்தது. அன்று அவர் மனத்தைப் பழைய கல்லூரியில் விட்டுவிட்டு வந்திருந்தால், அச்சொல் காதில் விழுந்திருக்குமேயன்றிக் கருத்தில் பதிந்திராது.

அடுத்த தலைமுறையில் சுபாஷ் சந்திர போஸ் அதே பாதையில் நடந்தார். அவரும் பிரசிடென்சி கல்லூரி மாணவரே. ஓட்டன் என்ற பேராசிரியர் தாக்கப்பட்டதைத் தொடர்ந்து 1916-இல் அவர் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார். படிப்பே முடிந்துவிட்டது என்று கருதத்தக்க நிலை. 1917-இல் அவருக்குக் கதவைத் திறந்தது ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரி. நரேந்திரர் பயின்ற அந்தப் பழைய நிறுவனத்தின் வழித்தோன்றலே அது! அங்கே சுபாஷ் தத்துவம் பயின்றார். பல்கலைக்கழகத்தின் மாணவர் படைப்பிரிவில் சேர்ந்து முகாம் வாழ்க்கையை மேற்கொண்டார். 1919-இல் முதல் வகுப்பில் பி.ஏ. தேர்ச்சி பெற்றார். வெளியேற்றப்பட்ட வருத்தத்திலேயே அவர் காலத்தைக் கழிக்கவில்லை. பின்னாளில் ஒரு சேனையைத் தலைமை தாங்கி நடத்தியவர், சீருடையின் ஒழுங்கை முதன்முதலில் சுவைத்தது இந்த 'இரண்டாம்' கல்லூரியின் நாட்களில்தான்.

இருவரும் விரும்பி மாறியவர்கள் அல்லர். ஆனால் மாற நேர்ந்தபோது புதிய இடத்தில் முழுமையாக இருந்தார்கள். இரண்டாம் இடம் என்று நாம் ஒன்றை ஒதுக்கும்போது, நம் பட்டியலின் வரிசையைத்தான் சொல்கிறோம். அந்த இடத்தின் இயல்பை நாம் இன்னும் அறியவில்லை.

பிரியும் முறை

சேரும் முறையைப் போலவே பிரியும் முறையும் உண்டு. யாக்ஞவல்கியரின் வரலாறு இதை விளக்குகிறது. அவர் வைசம்பாயனரிடம் யஜுர் வேதம் கற்றார். குருவுக்கும் சீடருக்கும் மனவேறுபாடு எழுந்தது. "என்னிடம் கற்றதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போ" என்று குரு சினந்தார். கற்றதனைத்தையும் யாக்ஞவல்கியர் உமிழ்ந்துவிட்டதாகவும், மற்றச் சீடர்கள் தித்திரிப் பறவைகளாக வந்து அதை ஏற்றதாகவும் புராணங்கள் கூறுகின்றன. அந்தச் சாகை தைத்திரீயம் எனப் பெயர் பெற்றது. யாக்ஞவல்கியர் சூரியனை உபாசித்துச் சுக்ல யஜுர் வேதத்தைப் பெற்றார்.

நம் காலத்து மாணவர்கள் பேறு பெற்றவர்கள்! கற்றதை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. தேசியக் கல்விக் கொள்கை 2020-இன் வழியே 2021-இல் தோன்றிய கல்வி மதிப்பலகு வங்கி, ஓரிடத்தில் ஈட்டிய மதிப்பலகுகளை மற்றோரிடத்திற்கு எடுத்துச் செல்ல வழிவகுத்துள்ளது. ஆனால் மதிப்பலகு வங்கியில் ஏறாத கணக்கும் ஒன்று உண்டு. தாமதமாக வந்தபோது வகுப்பில் அனுமதித்த ஆசிரியர், நூலைத் தேடி எடுத்துத் தந்த நூலக ஊழியர், காய்ச்சலின்போது கஞ்சி கொண்டுவந்த அறைத்தோழன் ஆகியோருக்கு நாம் பட்ட கடன் அது. மாற்றுச் சான்றிதழில் நம் நடத்தையைக் கல்லூரி எழுதித் தருகிறது. கல்லூரியைப் பற்றி நாம் செல்லுமிடத்தில் என்ன சொல்கிறோம் என்பதும் நம் நடத்தைக்குச் சான்றுதான். முதல் கல்லூரியை இழித்துப் பேசித்தான் இரண்டாவதைப் புகழ முடியும் என்பதில்லை.

யாக்ஞவல்கியரின் கதைக்கு ஓர் அழகிய பின்குறிப்பும் உண்டு. அவர் விட்டுச் சென்ற அதே தைத்திரீய சாகையில்தான், கல்வி முடித்துச் செல்லும் மாணவனுக்கு ஆசிரியர் வழங்கும் புகழ்பெற்ற அறிவுரை அமைந்திருக்கிறது. தைத்திரீய உபநிஷதத்தின் சீக்ஷாவல்லி அது. நம் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாக்களில் இன்றும் நினைவுகூரப்படுவது. சத்தியத்தையும் தர்மத்தையும் தாய் தந்தையரையும் பற்றிச் சொன்ன ஆசிரியர், அதோடு நிற்கவில்லை. பின்னாளில் எது செய்யத்தக்கது என்று ஐயம் வருமானால் என்ன செய்வது என்பதையும் சொல்லி அனுப்புகிறார். நன்கு சிந்திப்பவர்களாகவும், கடுமையற்றவர்களாகவும், தர்மத்திலேயே நாட்டம் உடையவர்களாகவும் உள்ள பெரியோர் அவ்விடத்தில் எவ்வாறு நடப்பார்களோ அதைப் பார்த்து நடக்குமாறு பணிக்கிறார்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் குடும்பங்களுக்கு இதைவிடச் சிறந்த வழிகாட்டுதல் இல்லை. நம் முடிவினால் ஆதாயம் பெறும் இடைத்தரகரிடமோ, பயிற்சி நிலையத்தின் விளம்பரத்திடமோ கேளாமல், நம் முடிவில் தமக்கென ஒன்றும் வேண்டாத நல்லோரிடம் கேட்க வேண்டும். பெற்றோரும் தம்மைத் தாமே ஒன்று கேட்டுக்கொள்வது நலம்: "அந்தக் கல்லூரியின் பெயர் வேண்டுவது என் பிள்ளையின் அறிவுக்காகவா, உறவினர் கூடும் இடத்தில் நான் சொல்லிக்கொள்வதற்காகவா?" பிள்ளைகள் பலரை மிதக்க வைப்பது அவர்களுடைய சொந்த ஆசையன்று, வீட்டாரின் கூச்சம்.

மாணவன் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியவை நான்கு. இந்தக் கல்லூரியிலேயே படிப்பை முடிக்க நேர்ந்தால், அதை ஒரு தண்டனையாகக் கருதாமல் ஏற்க என்னால் முடியுமா? முடியாதெனில், இந்த இடத்தை ஏங்கி நிற்பவனுக்கு விட்டுவிடுவதே நேர்மை. மாறும் எண்ணத்தை இங்குள்ள ஓர் ஆசிரியரிடம் வெட்கமின்றிச் சொல்ல என்னால் முடியுமா? நான் ஒன்றை நோக்கிச் செல்கிறேனா, ஒன்றிலிருந்து ஓடுகிறேனா? போர்க்களத்தில் அர்ச்சுனன் பிச்சையேற்கும் வாழ்வை விரும்பியபோது, பகவான் துறவைப் பழிக்கவில்லை. துறவின் பெயரால் அவன் ஓட முயன்றதையே திருத்தினார். இறுதியாக, மாறும் வாய்ப்பு வராமலே போனால், இந்த ஆண்டுகளில் எனக்கென்று எது மிஞ்சியிருக்கும்? நான்காம் கேள்விக்கு ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் ஏதேனும் ஒரு விடை இருக்குமாறு படித்தவன், மாறினாலும் மாறாவிட்டாலும் இழப்பதற்கில்லை.

இக்கேள்விகளை ஆராய்ந்தபின் சேர்க. முழு மனத்துடன் அங்கே வாழ்க. உண்மையான காரணம் தோன்றினால் நன்றியுடன் விடைபெறுக. விடைபெறும் நாள் வரை அந்த இடம் நம்முடையதே, நாமும் அதனுடையவர்களே.

சாதகனுக்கும் இது பொருந்தும். இவ்வுடலும் இவ்வாழ்வும் நாம் என்றோ விட்டுச் செல்ல வேண்டியவை என்பதை நாம் அறிவோம். அந்த அறிவு வைராக்கியமாக மலர்ந்தால், இன்றைய கடமையில் தெளிவும் அமைதியும் கூடும். அதுவே சோம்பலுக்குச் சாக்காகிவிட்டால், இங்கும் இல்லாமல் அங்கும் இல்லாமல் நாட்கள் கழியும். கல்லூரிப் பருவத்தில் இவ்விரண்டின் வேறுபாட்டை உணர்ந்துகொள்ளும் இளைஞன், பிற்காலத்தில் எந்த நூலும் எளிதில் கற்பிக்காத பாடமொன்றை முன்கூட்டியே கற்றவன் ஆவான். புதிய கல்வியாண்டில் அடியெடுத்து வைக்கும் மாணவர்கள் அனைவருக்கும் கலைவாணி அந்தத் தெளிவை அருள்வாளாக!